ஐந்தாவது ஏன்

நீங்க எழுதுறவரா சார்? இல்லையா. அப்ப பேசலாம். எழுதுறவங்ககிட்ட எழுத்தைப் பத்தி ஒரு வார்த்தை பேச முடியறதில்லை, மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்கிறாங்க. என் பேரு தணிகைவேல். ஓசூர்ல ஒரு பம்ப் கம்பெனியில முப்பத்தோரு வருஷம். அதுல கடைசிப் பதினாலு வருஷம் குவாலிட்டி ஹெட். இப்ப எழுத்தாளர். அட்டையில அப்படித்தான் போட்டிருக்கு, இந்தாங்க, வெச்சுக்குங்க. நீங்க எதுவரைக்கும்? திருவண்ணாமலையா. நான் சிங்காரப்பேட்டையில இறங்கிடுவேன். மச்சான் வீடு. என் சம்சாரம் அங்கதான் இருக்கா, மங்கையர்க்கரசின்னு பேரு, அரசின்னு கூப்பிடுவேன். கார்த்திகையில போனவ. இன்னையோட தொண்ணூத்தி மூணு நாள். கூட்டிட்டு வரத்தான் போறேன்.

கோவிச்சுக்கிட்டுப் போனாளான்னு நினைக்கிறீங்க. அதெல்லாம் ஒண்ணுமில்லை. எங்க வீட்டுல சண்டையே கிடையாது சார். முப்பது வருஷத்துல அவ என்னை எதுத்து ஒரு வார்த்தை பேசினதில்லை. அப்புறம் எங்கேருந்து சண்டை வரும்?

விஷயம் வேற. நான் ரிட்டையர் ஆன அன்னைக்கு சால்வை போட்டாங்க, மைக்கைக் குடுத்தாங்க. இனிமே என்ன பண்ணப் போறீங்கன்னு கேட்டாங்க. கதை எழுதப் போறேன்னேன். ஒருத்தன் சிரிச்சுட்டான். டெஸ்பாட்ச்ல இருக்கிற பய. அதுக்கெல்லாம் திறமை வேணும் சார்ங்கிறான். தம்பி, திறமைன்னு ஒண்ணு கிடையவே கிடையாது, பழக்கம்தான் எல்லாம், அடி மேல அடி அடிச்சா அம்மியும் நகரும்னு சொல்லிட்டு இறங்கினேன். சும்மா சொல்லலை. நான் பொறுப்பு எடுக்கும்போது கம்பெனியில நூறு பம்ப் போட்டா பதினோரு பம்ப் திரும்பி வரும். நான் விட்டுட்டு வரும்போது ஆயிரத்துக்கு ரெண்டு. யாரு திறமை அது? பழக்கம் சார். பலகை, படிவம், தினசரி இலக்கு. பம்புக்குச் சரியா வந்தது கதைக்கு வராதா?

மறுநாள் காலையில ஹால்ல வெள்ளைப் பலகை மாட்டிட்டேன். அங்க அரசி கல்யாண போட்டோவை மாட்டி வெச்சிருந்தா, அதை எடுத்து பீரோவுக்குப் பின்னால வெச்சேன். தினமும் எண்ணூறு வார்த்தை. எழுதினா பச்சைப் புள்ளி, எழுதலைன்னா சிவப்பு. ரெண்டு வருஷம் நாலு மாசத்துல நாலே சிவப்பு சார். அதுல மூணு எனக்கு டைபாய்டு வந்தது.

காலையில ஏழு அம்பதுக்கு மீட்டிங். நின்னுக்கிட்டுத்தான், உக்காந்தா பேச்சு வளரும். நானும் அரசியும். நேத்து எத்தனை வார்த்தை, இன்னைக்கு என்ன கதை, ஏதாவது தடங்கல் இருக்கா. அவ அடுப்புல குக்கர் இருக்குன்னு சொல்லுவா, அதையும் தடங்கல்ல எழுதிக்குவேன். மூணு தட்டு வாங்கினேன். முடிஞ்ச கதை பச்சைத் தட்டு, திருத்த வேண்டியது மஞ்சத் தட்டு, பத்திரிகையிலேருந்து திரும்பி வந்தது சிவப்புத் தட்டு. சிவப்புத் தட்டு நாலே மாசத்துல வழிஞ்சு, அப்புறம் பிளாஸ்டிக் கூடை ஒண்ணு வாங்க வேண்டியதாப் போச்சு.

திரும்பி வர்றது தப்பில்லை சார். ஏன் வந்துச்சுன்னு தெரியாம இருக்கிறதுதான் தப்பு. ஒரு பத்திரிகை ஆசிரியர் இருக்காரு, வாகீசன்னு பேரு, நல்ல மனுஷன். வெளியிட இயலவில்லைன்னு ஒரே வரியில எழுதி அனுப்புவாரு. நான் அவருக்கு ஒரு படிவம் அனுப்பினேன். குறை எந்த இடத்தில், எத்தனை இடத்தில், எவ்வளவு தீவிரம், ஏழு நாளுக்குள்ள நிரப்பி அனுப்பவும்னு. கஸ்டமர் கம்பெனிக்காரங்க எல்லாம் பண்றதுதானே? அவரும் நிரப்பி அனுப்பினாரு. குறை: கதையில் மனிதர்கள் இல்லை. எத்தனை இடத்தில்: முழுவதும். தீவிரம்ங்கிற கட்டத்துல அளவு எதுவும் போடலை, ஒரு பெருமூச்சு விட்டேன்னு எழுதியிருந்தாரு. எழுத்துக்காரங்களுக்குப் படிவம் நிரப்பத் தெரியாது சார், நாமதான் அனுசரிச்சுப் போகணும்.

சரி, கஸ்டமருக்குப் போகுறதுக்கு முன்னாடி வீட்டுலயே ஒரு பரிசோதனை வேணும்னு முடிவு பண்ணினேன். அரசியை இன்ஸ்பெக்டரா போட்டேன். ராத்திரிச் சாப்பாடு முடிஞ்சு எட்டு மணிக்கு அன்னைக்கு எழுதின கதையைப் படிக்கணும், படிச்சுட்டுச் சோதனைத் தாளை நிரப்பணும். தொடக்கம், நடை, பாத்திரம், உணர்ச்சி, முடிவு. ஒவ்வொண்ணுக்கும் அஞ்சு மார்க். கீழே குறிப்புகள்னு ரெண்டு வரி இடம். அவ பத்தாவதுதான், ஆனா கையெழுத்து முத்து முத்தா இருக்கும்.

என்ன போட்டா தெரியுமா? எல்லாத்துக்கும் நாலு. நாலு நாலு நாலு நாலு நாலு. குறிப்பு, நன்று. ஒண்ணரை வருஷமா அதேதான். நான் கூப்பிட்டு உக்கார வெச்சுச் சொன்னேன். அரசி, தினமும் ஒரே அளவு காட்டுற கருவி கெட்டுப்போன கருவின்னு அர்த்தம். நீ கதையைப் பாக்குறதில்லை, கடமைக்கு மார்க் போடுறேன்னேன். தலையை ஆட்டினா. அன்னைக்கும் நாலுதான். அவ பேர்ல தப்பில்லை. பயிற்சி பத்தலை, நான்தான் பொறுமையாச் சொல்லிக் குடுக்கணும்.

இப்பதான் முக்கியமான இடத்துக்கு வர்றேன். போன ஐப்பசியில அவ தங்கச்சி செண்பகம் தவறிடுச்சு. கிட்னி போயி ஒரு வருஷமா இழுத்துக்கிட்டு இருந்துச்சு, நாப்பத்தி நாலு வயசு. காவேரிப்பட்டணத்துல வீடு. அரசிக்கு அது தங்கச்சி இல்லை சார், பொண்ணு மாதிரி. அம்மா சீக்கிரம் போனதால இவதான் தூக்கி வளத்தா. செய்தி வந்ததும் ரெண்டு பேரும் ஓடினோம்.

கம்பெனியில ஒரு கொள்கை உண்டு. ஆபீஸ்ல உக்காந்து முடிவு பண்ணாதே, மிஷின் இருக்கிற இடத்துக்குப் போய்ப் பாரு. வாகீசன் மனிதர்கள் இல்லைன்னு சொல்லியிருக்காரு. அத்தனை மனிதர்களும் அங்க ஒரே இடத்துல இருக்காங்க. நோட்டை எடுத்துக்கிட்டுப் போனேன். ஓரமா நின்னு குறிச்சுக்கிட்டேன். யாரு எத்தனை நிமிஷம் அழுதாங்க, நடுவுல யாரு டீ குடிச்சாங்க, செண்பகம் வீட்டுக்காரன் எந்தத் தூண்ல சாஞ்சிருந்தான். ஒருத்தருக்கும் இடைஞ்சல் இல்லை. உள்ள பொம்பளைங்க குளிப்பாட்டி முடிச்சாங்க. அரசி தலை வாரிவிட்டா. நான் வாசப்படியில நின்னு எழுதிக்கிட்டிருந்தேன், அவ நிமிர்ந்து பாத்தா. எங்கே கையை நிறுத்திடப் போறாளோன்னு, நீ பாட்டுக்குப் பண்ணு, என்னைக் கண்டுக்காதேன்னு சைகை காட்டினேன். அவ்வளவு நாகரிகமா நடந்துக்கிட்டேன்.

கருமாதி முடிஞ்சு வீட்டுக்கு வந்தோம். ஆயிரத்து நானூறு வார்த்தை சார், ஒரே மூச்சுல. 'கண்ணீர்க் கடல்'னு தலைப்பு. எட்டு மணிக்கு அரசிகிட்ட குடுத்தேன், சோதனைத் தாளும் குடுத்தேன். அவ நிரப்பிக் குடுத்ததைப் பாத்தா மார்க் போடலை. அஞ்சு கட்டமும் காலி. குறிப்புகள்ல எழுதியிருந்தா, ரெண்டு வரி பத்தாம பின்பக்கமும் போயிருந்துச்சு. எனக்கு மனப்பாடம், சொல்றேன் கேளுங்க.

'தலை வாரும்போது சீப்பில் முடி வந்தது. எப்போதும் போல் சுருட்டிக் குப்பையில் போடப் போனேன். போட முடியவில்லை. கையில் வைத்துக்கொண்டு நின்றேன். நிமிர்ந்தால் அவர் எழுதிக்கொண்டிருந்தார்.'

படிவத்தை இப்படியா நிரப்புறதுன்னு எனக்குக் கொஞ்சம் எரிச்சல்தான். ஆனா இன்ஸ்பெக்டருக்கு மனசு சரியில்லாத நேரம், விட்டுப்பிடிப்போம்னு விட்டேன். மறுநாளும் அப்படித்தான் பண்ணினா.

'செண்பகத்துக்கு மஞ்சள் பிடிக்காது. மஞ்சள் புடவைதான் எடுத்து வந்தார்கள். யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் அவர் குறித்துக்கொள்வார் என்று பயமாக இருந்தது.'

இப்படி ஒன்பது நாள், ஒன்பது தாள். என்ன சார், கண்ணைத் துடைக்கிறீங்க, தூசியா? ஜன்னலை இழுத்து விடுங்க. மத்தூர் தாண்டுற வரைக்கும் ரோடு வேலை நடக்குது.

பத்தாவது நாள் காலையில ஏழு அம்பதுக்கு மீட்டிங்குக்கு வந்து நின்னா, கையில பை. அண்ணன் வீட்டுக்குப் போறேன்னா. எத்தனை நாள்னேன். தெரியலைன்னா. தேதி இல்லாம லீவு எப்படிக் குடுக்கிறது? காரணம் தெரிஞ்சாதானே சரி பண்ண முடியும். கம்பெனியில அதுக்கு ஒரு முறை இருக்கு. ஒரு பம்ப் ஒழுகுதுன்னு வைங்க. ஏன்னு கேக்கணும். வர்ற பதிலுக்கு மறுபடி ஏன். இப்படி அஞ்சு தடவை கேட்டா எப்பேர்ப்பட்ட சிக்கலும் மூல காரணம் வெளிய வந்துடும். நான் கேட்டுத் தோத்ததே இல்லை. பலகையில அஞ்சு கட்டம் போட்டேன்.

ஏன் போறே? களைப்பா இருக்குங்க. எழுதிக்கிட்டேன். ஏன் களைப்பா இருக்கு? ராத்திரி தூக்கம் வரலை. ஏன் தூக்கம் வரலை? செண்பகம் ஞாபகமாவே இருக்கு. ஏன் ஞாபகமாவே இருக்கு? மனசு விட்டுப் பேச ஆள் இல்லை. நல்லாப் போய்க்கிட்டிருந்துச்சு சார். ஏன் பேச ஆள் இல்லைன்னு அஞ்சாவதைக் கேட்டேன். மார்க்கர் கையில, அவளையே பாத்துக்கிட்டு நிக்கிறேன். அவ என்னைப் பாத்தா, பலகையைப் பாத்தா, மறுபடி என்னைப் பாத்தா. அப்புறம் பையை எடுத்துக்கிட்டுச் செருப்பைப் போட்டுக்கிட்டுப் போயிட்டா.

அஞ்சாவதுதான் சார் மூல காரணம். முதல் நாலும் சும்மா மேல்பூச்சு. சரியா அதுக்கு மட்டும் பதில் சொல்லாமப் போயிட்டா. அந்தக் கட்டத்தை நான் இன்னும் அழிக்கலை, காலியாவே விட்டு வெச்சிருக்கேன். யோசிச்சு யோசிச்சுப் பாக்குறேன், என்னவா இருக்கும்னு பிடிபடவே மாட்டேங்குது. ஓசூர்ல பொம்பளைங்க இல்லையா? பக்கத்து வீட்டுல பரிமளாம்மா இருக்காங்க, எதிர் வீட்டுல ஒரு டீச்சரம்மா. வீட்டுல முழு நேரமும் நான் இருக்கேன்.

அவ போனப்புறம் வீடு ஒரு மாதிரிதான் இருந்துச்சு. காலையில தனியா நின்னு மீட்டிங் நடத்தினேன், நல்லா இல்லை. அப்பதான் மஞ்சத் தட்டைப் பிரிச்சேன். அந்த ஒன்பது தாளும் கிடந்துச்சு. கம்பெனியில எதையும் வீணாக்கக் கூடாது, கழிவுலயும் சரக்கு இருக்கும். தேதி வாரியா அடுக்கினேன். செண்பகத்தைப் பவளம்னு மாத்தினேன். தாள்ல வர்ற அந்த ஆளு வெச்சிருந்த நோட்டு நிஜத்துல நீலம், அதைப் பச்சையாக்கினேன். வேற கை வைக்கலை, தேவைப்படலை. ஒன்பதாவது தாள்ல ஒரே ஒரு வரி, 'நாளைக்குப் பையை எடுத்து வைக்க வேண்டும்.' அடடா, முடிவு எவ்வளவு கச்சிதமா விழுந்திருக்குன்னு எனக்கே ஆச்சரியம். தலைப்பு போட்டு, என் பேரைப் போட்டு, வாகீசனுக்கு அனுப்பினேன்.

நாலே நாள்ல போன் பண்ணினாரு. கடிதம் இல்லை சார், போன். குரல் ஒரு மாதிரி இருந்துச்சு. தணிகைவேல், இத்தனை நாள் எங்கய்யா ஒளிச்சு வெச்சிருந்தீங்க இதைன்னாரு. அந்த நோட்டுக்காரனை இரக்கமே இல்லாம எழுதியிருக்கீங்களே, எப்படி முடிஞ்சுதுன்னாரு. பழக்கம் சார், வேற ஒண்ணுமில்லைன்னேன். தை இதழ்ல வந்துச்சு. இதோ பாருங்க, முதல் பக்கத்துலயே. பதினோரு வாசகர் கடிதம். நாமக்கல்லேருந்து ஒரு அம்மா எழுதியிருக்காங்க, அந்த நோட்டுக்காரன் மட்டும் என் கையில கிடைச்சா நாலு அறை விடுவேன்னு. படிக்கும்போது எனக்கே அவன் மேல கோவம் வருது சார். செத்த வீட்டுல போய் நோட்டும் கையுமா... என்ன ஜென்மமோ. அப்படி ஒரு பாத்திரம் அமைஞ்சு போச்சு.

அவங்க பேரைப் போட்டீங்களான்னு கேக்குறீங்க.

பம்ப் வார்க்கிறதுக்கு மண்ணு எங்கேருந்து வந்துச்சுன்னு பம்ப் மேல எழுதுறாங்களா சார்? இன்ஸ்பெக்டர் பேரு உள் பதிவேட்டுல இருக்கும். வெளிய போறதுல கம்பெனி பேருதான். இது உலக வழக்கம். தவிர, அவ பேருக்கு ஆசைப்படுற ஆளே இல்லை. கல்யாணப் பத்திரிகையிலயே அவ பேரைத் தப்பா அடிச்சிருந்தாங்க, ஒரு வார்த்தை சொல்லலை.

இருந்தாலும் நீங்க கேட்டுட்டீங்க. எனக்கும் அது ஒரு ஓரத்துல உறுத்திக்கிட்டுத்தான் இருக்கு, பொய் சொல்ல மாட்டேன். இதழ் வந்த அன்னைக்கே ஒரு பிரதி அவளுக்குத் தபால்ல அனுப்பினேன். பதிலே இல்லை. போன் பண்ணினா மச்சான்தான் எடுப்பாரு. தங்கச்சி கோயிலுக்குப் போயிருக்குன்னுவாரு. காலையில பண்ணினாலும் கோயில், மத்தியானம் நடை சாத்தியிருக்கிற நேரத்துல பண்ணினாலும் கோயில். பக்தி முத்திப் போச்சு போல. நேத்து வாகீசன் கேட்டாரு, அடுத்த கதை எங்க, அதே மாதிரி ஒண்ணு குடுங்கன்னு. தொண்ணூத்தி மூணு நாளும் பச்சைப் புள்ளிதான் சார், எண்ணூறுக்குக் குறைச்சலே இல்லை. அனுப்பினது அத்தனையும் கூடைக்குத்தான் வந்துச்சு.

தப்பு எங்கன்னு கண்டுபிடிச்சுட்டேன். குறிப்புகளுக்கு ரெண்டு வரிதான் விட்டிருந்தேன். பாவம், பின்பக்கமெல்லாம் போய் நெருக்கி நெருக்கி எழுத வேண்டியிருந்துச்சு அவளுக்கு. படிவத்தைத் திருத்திட்டேன். இந்தக் கட்டு அதுதான், புதுசா அடிச்சது, இருநூறு தாள். மார்க் கட்டமெல்லாம் மேல சின்னதா, மிச்சம் முழுப் பக்கமும் குறிப்புகள். இதைக் காட்டினா அவளுக்குச் சந்தோஷமா இருக்கும். தன் கஷ்டத்தைப் புரிஞ்சுக்கிட்டாரேன்னு நினைப்பா.

உண்மையைச் சொன்னா கதை மட்டும் இல்லை சார். ராத்திரி எட்டு மணி ஆனா ஹால்ல எதிர் நாற்காலி காலியா இருக்கு. நான் எழுதினதை யாரும் படிக்கலைங்கிறது ஒரு பக்கம் இருக்கட்டும். படிச்சு முடிச்சுட்டு மூக்குக்கண்ணாடியைக் கழட்டி முந்தானையில துடைப்பா, அந்தச் சத்தம்கூட இல்லை. துணியில துடைக்கிறதுக்கு என்ன பெரிய சத்தம்னு கேப்பீங்க. இருந்துச்சு சார். இல்லாதப்பதான் தெரியுது.

ஒரு நிமிஷம், போன் அடிக்குது. மச்சான் நம்பர். ஹலோ, மச்சான், ஊத்தங்கரை தாண்டிட்டேன்... அரசியா? அரசி, நீயா? எப்படிம்மா இருக்கே? ... பஸ்ஸுலதான் வர்றேன். ... ஆமா, உன்னைப் பாக்கத்தான். ... படிச்சியா? ... ம். ... ம். ... பேரு மாத்தினது வேற ஒண்ணுக்கும் இல்லைம்மா, செண்பகம் வீட்டுக்காரன் சங்கடப்படக் கூடாதுன்னு. ... சரி. ... சரி, சொல்லு. ... இல்லை, அவ திரும்பி வந்தாளான்னு கதையில எழுதலை. பையை எடுத்து வைக்கணும்னு சொல்றதோட முடிச்சுட்டேன். ஏன், பத்தலையா? வேணும்னா அடுத்த இதழ்ல ரெண்டாம் பாகமா, அவ வர்ற மாதிரி... ... வேண்டாமா? ... எதையும் மாத்தக் கூடாதா? ... அப்ப முடிவுக்கு எத்தனை மார்க் குடுக்கிறே? ... அஞ்சா? ... ம். ... இல்லைம்மா, நான் சொல்ல வந்தது என்னன்னா... அரசி? ... அரசி?

வெச்சுட்டா.

பாத்தீங்களா சார், படிச்சிருக்கா. மூணு தடவை படிச்சேன்னு சொன்னா. முடிவு சரியா இருக்கு, அதுல கை வைக்காதீங்க, அஞ்சுக்கு அஞ்சுன்னா. ஒரு தடவைகூட நாலுக்கு மேல போடாதவ. கேட்டீங்கல்ல? ஒரு திருத்தம் சொல்லலை. குரல் தெளிவா இருந்துச்சு, அழலை, கோவிச்சுக்கலை. வீட்டுல இருந்தப்பகூட அவ்வளவு தெளிவாப் பேசினதில்லை.

தண்ணி இருக்கா சார் உங்ககிட்ட? கொஞ்சம் குடுங்க. எனக்குச் சந்தோஷமாத்தான் இருக்கு. இந்தப் படிவக் கட்டைக் கொஞ்சம் பிடிங்க, மூடியைத் திறந்துக்கிறேன். அஞ்சுக்கு அஞ்சு சார். முழு மார்க்கு.

இல்லை, இறங்கறதுக்கு இன்னும் நேரம் இருக்கு. இதான் சிங்காரப்பேட்டையா? விளக்குக் கம்பத்துக்கிட்ட நிக்கிறது மச்சான் மாதிரி இல்லை, வேற யாரோ. பரவாயில்லை, நீங்க எந்திரிக்க வேண்டாம் சார், உக்காருங்க. வழியெல்லாம் விட வேண்டாம்.

கண்டக்டர், எனக்குத் திருவண்ணாமலைக்கு ஒண்ணு போட்டுக் குடுங்க. தெரியுங்க, சிங்காரப்பேட்டைன்னுதான் எடுத்தேன். இல்லைங்க, அங்க எனக்கு யாரும் இல்லை.